சிறப்பு விருந்தினர் பேச்சுக்கு ஒரு நடனம்

கிணத்துக்கடவு கல்யாண மண்டபத்தில் நாட்டியப் பள்ளியின் ஆண்டு விழா. சலங்கை கட்டிய பிள்ளைகள் மேக்கப் வழிய வழிய மேடையோரம் காத்துக்கொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் பொங்கியண்ணனோ மைக்கை விடுவதாயில்லை. சைக்கிளில் தேங்காய் விற்று முன்னுக்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

நடன ஆசிரியை மோகனப்பிரியா சோடா கொடுத்தனுப்பிப் பார்த்தாள். குடித்துவிட்டு இன்னும் தெம்பாகப் பேசினார். அவளுக்குள் குறும்பு தலைதூக்கியது. வரிசையில் முதலில் நின்ற மாணவியைக் கூப்பிட்டாள்.

“ரிஃபானா, அவர் என்ன சொன்னாலும் பின்னாடி நின்னு அப்படியே ஆடிப்போடு கண்ணு.”

“திட்ட மாட்டாருங்களா, மிஸ்?”

“திட்டுனா நான் பாத்துக்கறேன். போ.”

அவர் சைக்கிள் என்றதும் ரிஃபானா மிதித்தாள். தென்னை என்றதும் ஏறினாள். கூட்டம் விசிலடித்தது. அதெல்லாம் தன் பேச்சுக்கென்று நினைத்த பொங்கியண்ணன் கதையை மேலும் நீட்டினார். மோகனப்பிரியா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ரிஃபானா அசரவில்லை. யாரும் சொல்லித்தராத ஆட்டம் ஒன்றைத் தானே தொடங்கினாள். மேசைமேல் கிடந்த மாலையை ஏந்திச் சுழன்று வந்து அவர் கழுத்தில் போட்டாள். மைக்கைப் பணிவாக வாங்கிக்கொண்டு, தாளம் தப்பாமல் படிப்பக்கம் வழி காட்டினாள். கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. அவரும் கும்பிட்டபடியே இறங்கிப் போனார்.

விழா முடிந்ததும் அவர் நேராக மோகனப்பிரியாவிடம் வந்தார். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

“ஏனுங்க அம்மணி, மதுக்கரையில எனக்கு இன்னொரு கூட்டமிருக்குதுங்க. அந்தப் புள்ளையக் கூட்டியாரீங்களா?”

“வாரோமுங்க,” என்றாள் மோகனப்பிரியா. “ஆனா பேச்ச எப்ப முடிக்கோணும்னு புள்ளதானுங்க சொல்லும்.”