துரை வாய் திறக்கும்வரை

1

இந்தக் கதை நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் தொடங்கியது. ஒரு பராமரிப்பு இல்லத்தின் சாப்பாட்டறையில் யாரோ யாருக்கோ ஊட்டிக்கொண்டிருந்தார்கள். கரண்டி அந்த வாயை நெருங்கியபோது வாசலில் நின்ற என் வாயும் தானாகத் திறந்தது. (ஊட்டிப் பழகியவர்களைக் கேளுங்கள், சிரிப்பார்கள்.) பார்த்தது அவ்வளவுதான். மீதி என் கற்பனை.

2

முதலில் இப்படி எழுதினேன்: ‘தம்பிக்காகவே வாழ்ந்த அக்கா ஒருத்தி, தன் சுகதுக்கங்களை’ — அடித்துவிட்டேன். அப்படி ஒருத்தி இருந்தால் என் கதைக்குள் வர அவளுக்கு நேரம் இருக்காது.

அடுத்து: ‘துரை தனக்குள் நினைத்துக்கொண்டான்’ — அதுவும் போயிற்று. தலை நரைக்கத் தொடங்கியும் நாலைந்து சொல்லுக்கு மேல் பேசாதவன். அவன் தலைக்குள் போக எனக்கு வழி தெரியவில்லை. தொண்டை வரைதான் போக முடிந்தது.

3

துரை என்பது அக்கா வைத்த செல்லப்பெயர். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவானவன், விழுங்குவதும் மெதுவாகத்தான். முதுகுவலியால் அவனைத் தூக்க முடியாமல் போனபோது அக்கா அவனை இல்லத்தில் சேர்த்தாள். அன்று மூடிய வாயை அவன் திறக்கவே இல்லை. திங்கட்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் வயிற்றுக்குக் குழாய் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிறகு அவன் நாக்குக்கு வேலையே இருக்காது.

இல்லத்தைக் குறை சொல்ல முடியாது. நிமிர்த்தி உட்காரவைத்து, கண்ணுக்கு நேராக நாற்காலி போட்டு, மசித்த சாப்பாட்டை அரைக் கரண்டியாக, தொண்டை ஏறி இறங்கும்வரை பொறுத்துத் தருவார்கள். ஊட்டும்போது தாங்கள் சாப்பிடக் கூடாது என்பது விதி. கவனம் சிதறுமாம்.

ஞாயிறு மதியம் அக்காவே ஊட்ட உட்கார்ந்தாள்.

“துரைக்கு என்ன, என் மேல கோபமா? இங்க கொண்டாந்து தள்ளிட்டேன்னா?”

வாய் திறக்கவில்லை. வீட்டில் எப்படி ஊட்டுவீர்கள் என்று பணிப்பெண் கேட்டதற்கு, இதே மாதிரிதான் என்றாள் அக்கா. பொய். (இங்கேதான் அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது; பிரியமும் வந்தது.) வீட்டில் அவனுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று அள்ளிப் போட்டுக்கொள்வாள். இல்லாவிட்டால் அவள் சாப்பிட நேரமேது? அதை நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கம்.

அக்காவும் காலையிலிருந்து பட்டினி. பொறுக்க முடியாமல், இன்னொரு கரண்டியால் அந்த மசியலில் கொஞ்சம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். உப்பே இல்லை. துரை அவள் தாடை அசைவதைப் பார்த்தான்.

வாய் திறந்தது.

கொடுத்தாள். உதடு மூடியது. தொண்டையில் அந்தச் சிறு மேடு ஏறியது, நின்றது, இறங்கியது. நாளெல்லாம் நான் கவனிக்காமலே செய்கிற காரியம். என் மேசையருகே, என் காகிதத்தின் முன்னால், கைகட்டி நின்றேன்.

“தனியா திங்க மாட்டியாடா நீ?” என்றாள் அக்கா.

அதுதான் காரணமா? எழுதிய எனக்கே தெரியாது.

4

ஒரு முடிவில் மருத்துவர் குழாய் வேண்டாம் என்கிறார். இன்னொன்றில் துரைக்குப் புரையேறுகிறது. விதி எதற்கு என்பது எல்லோருக்கும் புரிகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நடக்கக்கூடியவை. ஆகவே —

வேண்டாம். அக்கா பேருந்துக்குப் போய்விட்டாள். மாலைச் சாப்பாடு. பணிப்பெண் மேலாளரின் அறைக் கதவை ஒரு தடவை பார்க்கிறாள். அலமாரியிலிருந்து இரண்டாவது தட்டை எடுத்து, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

துரை அவளைப் பார்க்கிறான். பிறகு உங்களை.

நீங்கள் சாப்பிட்டாயிற்றா?