கோட்டை மண் போட்ட கொல்லை

சித்திரை முடிவதற்குள் மாதப்பனின் கேழ்வரகுக் கொல்லையைப் பகைவர் படை சூழ்ந்துகொண்டது. அவனைத் தவிர யார் கண்ணுக்கும் படை தெரியவில்லை. ஆனால் விடிந்து பார்த்தால் வரப்புக்கு வெளியே யானை லத்தி கிடக்கும். ஊரார் எருவுக்கு அள்ளிப்போவார்கள்.

அதியமான்கோட்டையில் பழைய கோட்டைமேட்டு மண்ணைக் கொல்லைக்குப் போடுவது வழக்கம்தான். சாம்பலும் எலும்பும் மக்கிய மண், கதிர் நன்றாகப் பிடிக்கும். மற்றவர்கள் மேட்டின் நடுவிலிருந்து அள்ளுவார்கள். மாதப்பன் மட்டும், டிராக்டர் திரும்ப வசதி என்று, மதில் நின்ற இடத்தையே வெட்டிவந்து நான்கு வரப்போரமும் கொட்டிவிட்டான். மண்ணோடு மதிலும் வந்தது. மதில் வந்தால் முற்றுகை வராமல் இருக்குமா? சமவெளியிலிருந்து மைசூர்ச் சீமைக்கு ஏறத் தொப்பூர்க் கணவாயை விட்டால் நல்ல வழி இல்லை. அந்த வழியை நம்பித்தான் ஒருகாலத்தில் இங்கே நகரம் எழுந்தது; அந்த வழிக்கு ஆசைப்பட்டுத்தான் படைகளும் ஏறிவந்தன. இப்போது லாரிகள் ஏறுகின்றன.

கொல்லைக்குள் யாரும் போகலாம். போனவர் திரும்ப முடியாது. வெளியிலிருந்து சோறு அடைத்து வீசிய தூக்குப்போசி உள்ளே காலியாகத்தான் விழுந்தது. உள்ளே சிக்கிய மாதப்பன் பச்சைக் கதிரைக் கசக்கித் தின்றான். பக்கத்துக் கொல்லை ஆண்டி முதலில் கேலி பேசினான்.

"என்னா மாதப்பா, ராசாவாயிட்ட. நானு தளபதியா வரட்டுமா?"

"வாடா, வந்து பசியில சாவு," என்றான் மாதப்பன். ஆண்டி அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

மனைவி அமுதவல்லி தினமும் வரப்போரம் நின்று பேசினாள். ஆனி வரை அவன் பதில் சொன்னான். ஆடியில், வெளியே நிற்பவர்கள் எல்லோரும் அவனுக்குப் பகைவராகிவிட்டார்கள்.

"என்னாங்க, நாந்தாங்க வள்ளி!"

"எந்தப் படைக்காரிடி நீ? வேவு பார்க்க வந்தியா?" என்று மண்கட்டியை எடுத்து எறிந்தான். அது அவள் நெற்றியில் பட்டது.

அன்று அவள் வீட்டுக்கு வந்து இரண்டு பேர் சோற்றை உட்கார்ந்து தின்றாள். வயிற்றில் இருப்பதையாவது முற்றுகை பறிக்காது என்று நம்பினாள். அவள் கொல்லைக்குக் கிளம்ப, அதே தெருவில் வாழ்க்கைப்பட்ட மகள் யுவராணி ஓடிவந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, நீயும் உள்ள போயிட்டா எனக்கு ஆரு இருக்கறாங்க?"

"உனக்குப் புருஷன் இருக்கறான், புள்ள இருக்குது. உங்கப்பனுக்கு என் மூஞ்சியே மறந்துபோச்சுடி. வுடு."

அவள் வரப்பைத் தாண்டினாள். மாதப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

"வள்ளி, நீ ஏன்டி வந்த? ஒரு வாய் கூடுச்சுன்னா கதிரு சீக்கிரம் தீந்துரும்டி," என்று அழுதான். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, அவளுக்கும் இடம் விட்டான்.

கார்த்திகையில் கதிர் தீர்ந்தது. தையில் தட்டையும் தீர்ந்தது. ஊர் பழகிக்கொண்டது. நெடுஞ்சாலையில் போகும் பஸ்காரர்கள், மெலிந்த இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் காவல் நிற்பதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. யுவராணி அடுப்பை வீட்டின் பின்பக்கம் மாற்றிக்கொண்டாள். காற்று கொல்லைப் பக்கம் வீசும் நாட்களில் அந்தத் தெருவில் யாரும் தாளிப்பதில்லை.