அந்தோனியார் திருவிழாவுக்கு மூன்றாம் நாள்

ஹேக் நகரத்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் ஆறு மாதப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஒதீலியா வக்கீலம்மாவின் பரிந்துரைக் கடிதம் செவ்வாயன்றே கைக்கு வந்துவிட்டது. ‘எல்விரா தயாரித்த தேதி அட்டவணையில் ஒரு பிழைகூட இல்லை’ என்று எழுதியிருந்தார். நான்கு வருடமாகப் பகலில் அவரிடம் வேலை, மாலையில் சட்ட வகுப்பு. அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

1982ஆம் வருடம் சிப்பாய்கள் எரித்த ஊர்களைப் பற்றி இருபத்து மூன்று பேர் சொன்ன சாட்சியத்திலிருந்து எடுத்ததுதான் அந்த அட்டவணை. எங்கள் குவாத்தமாலா மலைப்பக்கத்தில் யாரும் தேதி சொல்வதில்லை. திருவிழாவுக்கு முன்பு, பின்பு என்பார்கள். எங்கள் ஊர் மாதா திருவிழா ஆகஸ்ட் பதினைந்து. அதை வைத்தே எல்லாவற்றையும் கணக்கிட்டேன்.

புதன்கிழமை அந்தச் சாட்சிகளில் ஒருவரான ஹசிந்தாம்மா தன் வாக்குமூலத்தில் கைரேகை வைக்க வந்தார். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் கட்டைவிரல் மையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, “அந்த ஆகஸ்ட் மழையில எப்படிம்மா மலை ஏறினீங்க?” என்று கேட்டேன்.

“மழை பெரிசில்ல புள்ள. ஒளிய எடம்தான் இல்ல. சோளம் அப்ப முழங்கால் ஒசரம்தான்.”

ஆகஸ்டில் சோளம் ஆளையே மறைக்கும்.

“திருவிழாவுக்கு மூணாம் நாள்னீங்களே?”

“ஆமா, எங்க அந்தோனியார் திருவிழா.”

“இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷமாச்சேம்மா!”

“வந்தா? உங்க மாதா உங்களுக்கு, எங்க அந்தோனியார் எங்களுக்கு.” சிரித்தார்.

“நான் ஆகஸ்டுன்னு வாசிச்சப்ப ஏன் சொல்லல?”

“நீ படிச்ச புள்ள. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

அந்தோனியார் திருவிழா ஜூன் பதின்மூன்று. என் கணக்கில் இரண்டு மாதம் பிசகு. இருபத்து மூன்று பேரில் எத்தனை பேர் வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. வெள்ளிவரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, விண்ணப்பம் போனபிறகு திருத்தினால் என்ன என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பிறகு போய்ச் சொல்லிவிட்டேன். வக்கீலம்மா அட்டவணையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நாம வழக்குப் போட்டிருக்கிற கேப்டன் ஜூலையிலதான் அந்தப் பட்டாள முகாமுக்கு வந்தான். ஜூன்னா இது அவன் மேல நிக்காது, தெரியுமா?”

“தெரியும் வக்கீலம்மா. உங்க கடிதத்தையும் திருப்பிக் குடுக்கக் கொண்டாந்திருக்கேன்.”

“ஏன்டி, வருஷா வருஷம் திருவிழாவுல சோளமாவுத் தமாலே தின்னியே, ஒருத்தர்கிட்டயாச்சும் உங்க ஊர்த் திருவிழா எப்பன்னு கேட்டியா?” கடிதத்தை வாங்கி இழுப்பறையில் வைத்தார்; கிழிக்கவில்லை. “ஹேக் எங்கயும் ஓடிடாது. ஜூன்ல அந்த முகாம்ல எவன் இருந்தான்னு நான் தேடுறேன். நீ இருபத்து மூணு பேரையும் திரும்பப் பாரு.”

இன்று வெள்ளிக்கிழமை. ஏழு பேரைப் பார்த்துவிட்டேன். படிவத்தில் பெயருக்கு அடுத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: எந்த ஊர்த் திருவிழா?