சித்திக்கு முதல் இடம்

கோடை விடுமுறையில் வேலை பழக அந்தச் சட்டமன்ற அலுவலகத்துக்கு நான்கு சட்ட மாணவர்கள் வந்தார்கள். மூன்று பேருக்குச் சம்பளம் கிடையாது. அவர்களுக்கு அப்பாக்கள் இருந்தார்கள். நான்காமவளுக்கு மட்டும் சிறுபான்மை மாணவர்களுக்கான திட்டத்தில் மாதச் சம்பளம். அதனால் அவளுக்கு 'உதவித்தொகை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சம்பளம் வாங்குகிறவள்தானே என்று நகல் எடுப்பது, நாற்காலி போடுவது, மைக் பார்ப்பது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. மற்ற மூவரும் உறுப்பினர்களோடு காபி குடித்தே சட்டம் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் மசோதாக்களை ஆராயும் உறுப்பினர் குழுவுக்கு வந்தது தள்ளுவண்டி மசோதா. ரயில் நிலையத்தைச் சுற்றி இனி வண்டி நிறுத்தக் கூடாது. நிலைய வாசலில் பழ வண்டி போட்டிருந்தவள் உதவித்தொகையின் சித்தி. அம்மா போனபின் அவளை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அந்த வண்டிதான்.

பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்றார்கள். யாருக்குப் பின் யார் பேசுவது என்று முடிவு செய்யும் வேலையும் அவளுக்கே வந்தது. "உனக்குத் தோணுற மாதிரி போடும்மா" என்றார் தலைமை எழுத்தர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

வரிசையைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆஸ்பத்திரியோ பதிவு அலுவலகமோ, எங்கே போனாலும் அவளுடைய ஆட்கள் வால்பக்கம் நிற்பார்கள். முறை வருவதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு தடவையாவது முன்னால் நிற்கட்டுமே என்று சித்தியை முதலில் போட்டாள். வியாபாரிகள் சங்கத் தலைவரை நடுவில் தள்ளினாள். அன்று முழுக்க அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

சித்தி வண்டியை மூடிவிட்டு, பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். பெயர் கூப்பிட்டதும் எழுந்தாள். எதிரே நாற்காலிகள் எல்லாம் காலி. குழுத் தலைவர் மட்டும் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சித்தி ஒரு நிமிடம் உதவித்தொகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த நாற்காலிகளுக்கே எல்லாவற்றையும் சொன்னாள். எங்கே தண்ணீர் பிடிப்பது, எந்த ரயிலுக்கு யார் வாங்குவார்கள், வாசலைவிட்டு நகர்ந்தால் ஏன் பிழைக்க முடியாது என்று ஒன்றையும் விடவில்லை. நன்றாகப் பேசினாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

சித்தி உட்கார்ந்த பிறகுதான் உறுப்பினர்கள் பேசிச் சிரித்தபடி ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். சங்கத் தலைவர் எழுந்தபோது அறை நிரம்பியிருந்தது.

உதவித்தொகை தலைமை எழுத்தரிடம் ஓடினாள். "சார், சித்தி இன்னொரு தடவை பேசட்டும் சார்."

"ஒருத்தருக்கு ஒரு தடவைதான். முதல் இடத்த யாருமே கேக்க மாட்டாங்களே, நீ ஏன் போட்ட? மெம்பருங்க என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்காங்க?"

"நீங்க சொல்லவே இல்லையே சார்."

"இதெல்லாமா சொல்லித் தருவாங்க?" அவர் கெட்டவர் இல்லை. அலுத்துப் போனவர். அலுத்துப் போனவர்களால்தான் அந்தக் கட்டடமே ஓடிக்கொண்டிருந்தது.

மாலைக்குள் குழு மசோதாவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டது. குழுத் தலைவர் அவளைக் கூப்பிட்டார். "அறிக்கையில ஒரு வரி சேத்துடும்மா. வண்டிக்காரங்க தரப்பையும் முழுசா கேட்டோம்னு."

"யார் சார் கேட்டாங்க?"

"நான் இருந்தேன்ல?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

அவள் தட்டச்சு செய்தாள். விரல்கள் தம் பாட்டுக்கு அடித்தன. அழுகைகூட வரவில்லை, அசதிதான் வந்தது.

சித்தி வெளியே படியில் காத்திருந்தாள். "நான் பேசினத எழுதினியா?"

"எழுதினேன் சித்தி."

"என்னன்னு?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் அவளிடம் தெம்பில்லை. "நீ சொன்னத எல்லாரும் கேட்டாங்கன்னு."

சித்தி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து, "இன்னும் எத்தன வருஷம்டி படிக்கணும் நீ?" என்று மட்டும் கேட்டாள்.