நூற்றுக்கு நூறு தப்பு

ஒரு தடவைகூடப் பிசகாமல் தப்பான முடிவெடுக்கும் ஆற்றல் இந்தப் பூமியில் எனக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. குடை வேண்டாம் என்று நான் முடிவுசெய்தால் போதும், ஏழு கடல் தாண்டியிருக்கும் மேகங்கள்கூட முண்டியடித்துக்கொண்டு ஓடிவரும்.

இது வாய்ச்சவடால் இல்லை, எழுத்தில் இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்டின் மின்பெட்டியைத் திறக்குமுன் பழுது எதுவென்றும், அது எவ்வளவு நிச்சயம் என்றும் எழுதிவிட வேண்டும். திறந்த பிறகு உண்மையான பழுதைப் பக்கத்தில் எழுத வேண்டும். அதில் நான் சூரன். ஓய்வுபெற்ற கையோடு வீட்டு முடிவுகளுக்கும் அப்படியே ஒரு டைரி போட்டேன். மனிதன் முன்னேற வேண்டாமா?

அரைமனதாக எழுதியவை ஏதோ முன்னேபின்னே பலித்தன. 'நூற்றுக்கு நூறு' என்று எழுதியவை ஒன்றுவிடாமல் மண்ணைக் கவ்வின. நூறு போட்டு வாங்கிய மிக்ஸி புகைந்தது. நூறு போட்டு நட்ட செடி, பக்கத்துச் செடியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு செத்தது.

டைரியைப் புரட்டிய மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஏங்க, இது எவ்வளவு பெரிய வரம்! நீங்க நூறு போட்டதுக்கு நேர் எதிரா செஞ்சா போதுமே!"

"அதெல்லாம் தற்செயல்க்கா," என்றான் அவள் தம்பி. ஆடிட்டர். கடிகாரம் மணி அடித்தால்கூட ஆதாரம் கேட்பவன்.

மனைவிக்குத் தையல் கடை வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஏக்கம். படுக்கையறை மூலையில் தைத்தே பாதி ஆயுள் போயிருந்தது. இப்போது இரண்டு இடங்கள் அமைந்தன. ஒன்று பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, தரைத்தளம். மற்றது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இதில் சறுக்கினால் மறுபடி துணிய அவளிடம் தெம்பு இருக்காது.

நான் எழுதினேன்: 'பஸ் நிறுத்தம். நூற்றுக்கு நூறு. அந்த மாடி லிஃப்ட் ஓடுவதைவிட முறுக்கிக்கொண்டு நிற்பதே அதிகம். துணி தைக்க மூன்று மாடி ஏற யாருக்குப் பைத்தியம்?'

"மனசாரத்தான் எழுதினீங்களா?"

"தொழில் மேல சத்தியம்."

"அப்ப மூணாவது மாடி," என்று போனை எடுத்தாள்.

தம்பி துள்ளி எழுந்தான். "அக்கா! அத்தான் சொல்றது முதல் தடவையா எனக்கே சரின்னு படுது!"

"ரெண்டு பேருமா? அப்ப சந்தேகமே இல்லடா."

கடை திறந்தது. ஈ, காக்கை எட்டிப்பார்க்கவில்லை. தையல் மெஷினைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். நான் சொன்னது பலித்துவிடக் கூடாதே என்று வாழ்க்கையில் முதன்முறையாகத் தவித்தேன்.

அப்புறம் நான்காம் மாடியில் ஒரு நடன வகுப்பு வந்தது. நான் எழுதியபடியே லிஃப்ட் படுத்துவிட்டது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஏறிய பெற்றோருக்கு மூன்றாம் மாடியில் மூச்சு நின்றது. அங்கேதான் அவள் பெஞ்சு கிடந்தது. உட்கார்ந்தவர்களுக்குக் கிழிந்த பையும் தொங்கும் பட்டனும் ஞாபகம் வந்தன. பிறகு நடன உடுப்புகளே மலைமலையாய்க் குவிந்தன. பஸ் நிறுத்தமோ, குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டியதால் ஊரின் மறுகோடிக்கு ஓடிப்போயிருந்தது.

கட்டடக்காரர் லிஃப்டைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். மனைவி கத்தரிக்கோலோடு வெளியே வந்தாள். "ஸ்க்ரூடிரைவரைத் தொட்டீங்க, தெரியும் சேதி!"

ஒரு நாள் தம்பி, நீளமாகிப்போன புது பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறிவந்தான். பெஞ்சில் இடமில்லை. சுவரில் சாய்ந்து, படிவரை நின்ற கூட்டத்தைக் கண்ணால் எண்ணி முடித்தான்.

"என்ன மாப்பிள்ளை, தற்செயலா?"

"கொஞ்சம்... மூச்சு விட்டுக்கறேன் அத்தான்." விட்டுக்கொண்டான். "இல்ல. ஆதாரம் படிவரை நிக்குது. நீங்க தப்பாவேதான் சொன்னீங்க, துளிகூடப் பிசகாம."