வண்டுக்குப் பின்னால் வந்தது

ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை கடல் தாண்டி வந்து ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியின் பிற்பகலை மஞ்சளாக்கியிருந்தது. எதிர்வீட்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள். பத்மாவதி சமையலறை மேசையில் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, மகள் ராகவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராகவிக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் தாதி வேலை. வெளியேறும் பாதையை மூடிவிட்டார்கள். நோயாளிகளோடும் ஊராரோடும் அவள் விளையாட்டு மைதானத்தில் நின்றாள். அவளுடைய தோளுக்குப் பின்னே மலைமுகடு எரிந்தது.

“சாப்பிட்டியே பிள்ளை?” வேறு என்ன கேட்பதென்று பத்மாவதிக்குத் தெரியவில்லை.

“ஐ ஆம் ஓகே, அம்மா. பிளேன் வருதாம்.”

போனுக்குள் மெல்லிய இரைச்சல் கேட்டது. சின்ன விமானம் ஒன்று முகட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. பத்மாவதி போனைக் கையிலெடுத்தாள். போர்க்காலத்து வன்னியிலும் அப்படித்தான். ‘வண்டு’ என்று சனம் பெயர் வைத்திருந்த வேவு விமானம் முதலில் வந்து இடம் பார்க்கும். பின்னால் கிபிர் போர்விமானம் வரும், குண்டோடு. ஆக்லாந்தில் பிறந்த மகளிடம் அதையெல்லாம் அவள் சொன்னதேயில்லை.

“கீழ படு! விழுந்து படு பிள்ளை!”

கத்தியபோதே அவள் போனோடு தரையில் கிடந்தாள். கணவர் மகேசன் ஓடிவந்து, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அவருக்கும் அந்த விமானச் சத்தம் கேட்டிருந்தது.

போன் திரையில் புகையைக் கிழித்துக்கொண்டு ஒரு ஜெட் வந்தது. ஊருக்குப் போகும்போது ஏறுகிற விமானத்தின் அளவு. அவ்வளவு பெரியது மரநுனிகளை உரசுமளவுக்குத் தாழ்ந்து, அவசரமே இல்லாமல் வந்தது. அதன் வயிறு திறந்தது. பத்மாவதி கண்ணை மூட மறந்துபோனாள். குண்டு விழவில்லை. சிவப்புத் திரையொன்று இறங்கிக்கொண்டே இருந்தது; நெருப்புக்கும் ஊருக்கும் நடுவில், சரிவு நெடுக விரிந்து படிந்தது. வெடிச்சத்தம் இல்லை. பெருமழை இலைகளில் விழுகிற சத்தம் மட்டும். பாரம் இறங்கியதும் விமானம் மூக்கை நிமிர்த்தி மலைக்கு மேலே ஏறிப்போனது.

“என்னப்பா போட்டவங்கள்?” என்று கணவரைக் கேட்டாள்.

“நெருப்பு மேல வராமத் தடுக்கிற மருந்து.” மகேசன் அவளருகே குந்தினார். “ஆக்களைக் காப்பாத்த வந்த பிளேன், பத்மா.”

வயிறு திறந்த விமானத்தின் கீழே தன் பிள்ளை நிமிர்ந்து நிற்பதைப் பத்மாவதி பார்த்தாள். சுற்றியிருந்த சனம் அண்ணாந்து கைதட்டியது. பங்கருக்குள் முடங்கிக் கிடந்த நாட்களில் யாராவது இப்படியொன்றைச் சொல்லியிருந்தால், சொன்னவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்றே நினைத்திருப்பாள்.

“அம்மா, வை வேர் யூ ஷவுட்டிங்? ஏன் நிலத்தில இருக்கிறீங்க?”

“ஓம் பிள்ளை… நீ வீட்ட வா. எல்லாம் கதைக்கிறன்.”

சிவப்புக் கோட்டுக்கு அப்பால் நெருப்பு இன்னும் எரிந்தது. அடுத்த விமானத்தின் இரைச்சல் தொலைவில் கேட்கத் தொடங்கியது. காற்று கொண்டுவந்த ஒரு மருந்துத் துளி ராகவியின் போனில் விழுந்து, அவள் முகத்தின் பாதியைச் சிவப்பாக்கியது. பத்மாவதி தரையில் இருந்தபடியே, தன் பக்கத்துப் போன் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.