குரல் கொடுத்துவிட்டு ஏறும் பாலம்

இங்கிலாந்தில் பொறாமை என்ற குணமே ஒட்டாமல் பிறந்த ஒரே மனிதர் ஹெர்பர்ட். செத்துப்போன அண்ணன் சிலாஸைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்த வீட்டில், கறுப்பு டையை இறுக்கிக்கொண்டே, இதை அவரே அறிவித்தார்.

"பெட்டியைப் பின்னால பிடிக்கப் போறது கசாப்புக்கடை பெர்சியாமே? தாராளமாப் பிடிக்கட்டும். கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருக்கேன்னு சும்மா ஞாபகப்படுத்தினேன்."

"காலையிலேர்ந்து அதைத்தானே பண்றீங்க தம்பி," என்றாள் அண்ணி நெல்லி. சாவுக்கு வந்தவர்களுக்காகப் பன்றித்தொடைக் கறியை மெல்லிசாக அரிந்துகொண்டிருந்தாள்.

தேவாலயம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நடுவில், பொதிக்குதிரைகளுக்காக என்றோ கட்டிய கல்பாலம்: முழங்கால் உயரச் சுவர், ஒரு குதிரைக்கான அகலம். பெட்டியோடு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்தான் ஏற முடியும். பாலம் நடுவில் கூனியிருப்பதால் எதிரே வருகிறவர் தெரியாது. அதனால் ஊரே "வர்றேன்" என்று குரல் கொடுத்து, ஓரமாக ஒதுங்கி நின்று, பதில் இல்லையென்றால்தான் ஏறும். சிலாஸ் குரல் கொடுத்தால் தபால்காரர் சைக்கிளை விட்டே இறங்கிவிடுவார். ஹெர்பர்ட்டுக்காக யாரும் எதிலிருந்தும் இறங்கியதில்லை. அவர் குரல் கொடுத்தால்தானே?

"குதிரையெல்லாம் செத்து எவ்வளவு காலமாச்சு! யாருக்குய்யா கத்துறீங்க?" என்று கேட்டபடி நேரே ஏறிவிடுவார். அப்படித்தான் ஒருமுறை பாதிரியாரை ஆற்றில் தள்ளினார்.

"பெர்சி என்ன உசத்தி அண்ணி?"

"அவரு பாலத்துல குரல் குடுப்பாரு."

"அண்ணன் அவனைத்தான் பிடிக்கச் சொன்னானா?"

கறி அரிந்த கத்தி நின்றது. "உங்களைத்தான் சொன்னாரு. நீங்க குரல் குடுக்கிறதா இருந்தா."

"நானா? கத்தவா?" ஹெர்பர்ட் சிரித்தார். நெல்லி அடுத்த துண்டை அரிந்தாள்.

ஊர்வலம் பாலத்தை எட்டியதும் பெர்சி தொண்டையைச் செருமி, "வர்றோம்!" என்றார். தொப்பிகள் இறங்கின. பெண்கள் மூக்கைத் துடைத்தார்கள்.

"அண்ணன் குரல்ல பாதிகூட இல்ல," என்று ஹெர்பர்ட் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். அவர் அழுதுகொண்டிருந்ததால் கேட்கவில்லை.

பெட்டி ஏறியது. பின்னாலேயே ஊர் ஒற்றை வரிசையாக ஏறியது. ஹெர்பர்ட் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார். கடைசித் தலையும் கூனுக்கு அப்பால் இறங்கும்வரை கட்டினார்.

பிறகு எழுந்தார். முன்னும் பின்னும் பார்த்தார்.

"வர்றேன்," என்றார். வாத்துகூடத் திரும்பாத அளவுக்குச் சின்னக் குரல்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றார். பதில் வரவில்லை. இனி ஏறலாம்.

ஹெர்பர்ட் ஏறவில்லை. அண்ணனின் குரல் வரும்வரை நிற்பவர்போல நின்றார்.